எல்லாப் பெருநாளும் கொண்டாடுகிறோம், இருந்தும் ஆட்கள் ஏன் போகிறார்கள்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பினாங்கில் 180 பேர் வேலை பார்க்கும் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை. உங்களைக் கணக்குப் பிரிவிலிருந்து மனிதவளப் பிரிவுக்கு மாற்றி ஆறு மாதம் ஆகிறது. சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள், தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று எல்லாப் பெருநாளையும் கம்பெனி நன்றாகவே கொண்டாடுகிறது. ஆனாலும் போன வருடம் தமிழ் ஊழியர்கள் ஒருவர் பின் ஒருவராக வேலையை விட்டுப் போனார்கள். கேன்டீனில் ஒவ்வோர் இனமும் தனித்தனி மேசை. முதலாளி உங்களைக் கூப்பிட்டு, எல்லாரையும் அரவணைக்கிற பண்பாடு வேண்டும், ஏதாவது பயிற்சிக்கு ஏற்பாடு பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டார். எந்தப் பயிற்சி நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயிற்சிக்கு அப்புறம் வருகிறேன். உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: இவ்வளவு செய்தும் இவர்கள் ஏன் ஒட்டவில்லை? சின்ன வயதில் விளையாடும்போது ஒருவனை ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்வோம். ஆட்டத்தில் இருப்பான், ஓடுவான், கத்துவான். அவன் அவுட்டானாலும் கணக்கில்லை, ஜெயித்தாலும் கணக்கில்லை. கொஞ்ச நேரத்தில் அவனுக்கே தெரிந்துவிடும், வீட்டுக்குப் போய்விடுவான். வாழை இலைச் சாப்பாடும் வாசலில் கோலமும் போட்டுவிட்டு மற்ற 364 நாளும் ஒருவரை அப்படி வைத்திருக்க முடியும். நானே வைத்திருக்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் நாலு வருடம் உற்பத்தி லைனில் டெக்னீசியன், அதன்பின் இரண்டு தொழிற்சாலைகளில் 22 வருடம் மனிதவளம். 1972-ல் அங்கே தீர்வையற்ற வட்டாரம் (வரிச்சலுகை உள்ள தொழில் வட்டாரம்) திறந்தபோது தோட்டத்திலிருந்தும் கம்பத்துக் கிராமங்களிலிருந்தும் பஸ்ஸில் வந்து இறங்கிய பெண்களின் பிள்ளைகள் இன்று அங்கே இன்ஜினியர்கள். அந்தப் பக்கத்துக் கதை எனக்குத் தெரியும். கோலாலம்பூர் வங்கிகளும் இருபது பேர் உள்ள சின்ன அலுவலகங்களும் வேறு உலகம், அங்கே நான் சொல்வது பாதிதான் பொருந்தும். நான் வழக்கறிஞரும் இல்லை. சட்டத்தைப் பற்றிச் சொல்கிற இடங்களில் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் செய்யவேண்டியது சலிப்பான வேலை. கணக்குப் பிரிவிலிருந்து வந்தவர் நீங்கள், உங்களுக்கு இது பெரிய காரியமில்லை. மூன்று வருடத்தில் வேலையை விட்ட எல்லாரையும், தமிழர் மட்டுமில்லை எல்லாரையும், ஒரு தாளில் எழுதுங்கள். சேர்ந்த தேதி, விட்ட தேதி, பதவி, ஷிப்டு, மேற்பார்வையாளர், கடைசிச் சம்பளம், எத்தனை முறை பதவி உயர்வுக்குப் பெயர் போனது. 180 பேர் கம்பெனியில் எண்ணிக்கை சின்னது, நாலு பேர் போனதை வைத்து ‘இனப் பாகுபாடு’ என்று நீங்களும் சொல்ல முடியாது, ‘அப்படியெல்லாம் ஒன்றுமில்லை’ என்று முதலாளியும் சொல்ல முடியாது. ஆனால் எந்த மேற்பார்வையாளரின் கீழிருந்து போனார்கள் என்பது அந்தத் தாளில் தெரியும். நான் இதை முதன்முறை செய்தபோது, போனவர்களில் பாதிக்கு மேல் ஒரே இரவு ஷிப்டு. அது வரைக்கும் நாங்கள் ‘இந்தியப் பையன்கள் நிலைத்து நிற்க மாட்டார்கள்’ என்று பேசிக்கொண்டிருந்தோம். பேசியவர்களில் நானும் ஒருத்தி.

சம்பளத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஒரே வேலை, ஒரே அனுபவம், 200 வெள்ளி (ரிங்கிட்) வித்தியாசம் என்றால் வேறெங்கும் காரணம் தேட வேண்டாம். போகிறவர்களிடம் கடைசி நாளில் கேட்பதில் பலன் குறைவு. ‘வீடு தூரம்’, ‘வேறு இடத்தில் நல்ல சம்பளம்’ என்றுதான் சொல்வார்கள், சான்றிதழ் உங்கள் கையில் இருக்கும்போது வேறென்ன சொல்வார்கள்? ஆறு மாதம் கழித்துப் போன் போட்டுக் கேளுங்கள். அப்படிக் கேட்டபோதுதான் ஒரு பையன் சொன்னான்: “அக்கா, அவங்க எல்லாம் பேசி முடிச்சிட்டுத்தான் மீட்டிங்குக்கே வராங்க.”

இந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்த கதையைச் சொல்ல வேண்டும். மாலை ஏழு மணிக்கு ஷிப்டு மாறும். பகல் ஷிப்டு லீடரும் இரவு ஷிப்டு லீடரும் ஓவன் பக்கத்தில் நின்று மாண்டரினில் பேசிக்கொள்வார்கள். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, இருவருக்கும் அதுதான் வாய்க்கு வரும் மொழி. பினாங்கில் வளர்ந்த நமக்கு ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழி கொஞ்சம் பிடிபடும், மாண்டரின் அப்படியில்லை. ஒரு நாள் பகலில் இன்ஜினியர் ஒரு சோதனைக்காக ஓவனின் வெப்பத்தைக் குறைத்திருந்தார். இதைப் பேசிக்கொண்டார்கள், லாக் புக்கில் எழுதவில்லை. இரவு அந்தப் பையன் வந்து பார்த்தான், சுவரில் ஒட்டியிருந்த அளவுக்கும் மெஷினில் இருந்த அளவுக்கும் பொருந்தவில்லை. சுவரில் இருந்தபடி திருத்தினான். காலையில் அந்த லாட் (ஒரே தொகுதியாகச் செய்த சரக்கு) முழுவதையும் நிறுத்தி வைத்தார்கள். அவனுக்கு எச்சரிக்கைக் கடிதம். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது நான். யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்று வேறு உபதேசம் பண்ணினேன். என்ன நடந்தது என்று எனக்கு முழுதாகத் தெரிந்தது அவன் வேலையை விட்டுப் போன பிறகு.

இதற்கு நான் செய்த முதல் வைத்தியம் தப்பானது. தொழிற்சாலைக்குள் மலாயும் ஆங்கிலமும் மட்டும் என்று அறிவிப்பு ஒட்டினேன். சீன ஊழியர்களுக்கு அது அவமானமாகப் பட்டது. நம் ஆட்களும் இரண்டு பேர் தமிழில் பேசிக்கொள்ளப் பயந்தார்கள். யாரும் யாரோடும் பேசாத ஒரு மாதம் அது. பிறகு மாற்றினோம்: எந்த மொழியிலும் பேசிக்கொள்ளுங்கள், ஆனால் லாக் புக்கில் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதாத எதுவும் உத்தரவாகாது, எழுதாத ஒன்றை மீறியதற்காக யாருக்கும் எச்சரிக்கைக் கடிதம் கிடையாது. கூட்டங்களிலும் அப்படியே. பேச்சு மாண்டரினுக்கு நழுவினால் நழுவட்டும், முடிவைச் சொல்லும்போது எல்லாருக்கும் தெரிந்த மொழியில் இன்னொரு தடவை சொல்ல வேண்டும், சொல்வது கூட்டத்தை நடத்துபவரின் வேலை. இது வேலை செய்தது என்று உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் சீன லீடர்களே இதை விரும்பினார்கள். தப்பு நடந்தால் யார் சொன்னது என்ற சண்டை போயிற்று.

ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைகளில் பார்த்த ஒரு விஷயம் இங்கே பொருந்தும். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாகப் பதிவாகும் என்று எதிர்பார்த்தார், கூடுதலாகப் பதிவாகியிருந்தது. அந்தக் குழுக்கள் தவறை மறைக்காமல் சொல்லியிருக்கின்றன. உங்கள் லைனில் யார் வாய் திறந்து ‘இது சரியில்லை’ என்று சொல்கிறார்கள், யார் சொல்வதே இல்லை என்று ஒரு வாரம் கவனியுங்கள்.

அடுத்தது லீவு. பெருநாள் கொண்டாடுவதைவிட அந்த நாளில் லீவு கிடைக்கிறதா என்பது பெரிய விஷயம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி வருடத்துக்கு 11 பொது விடுமுறை கொடுக்க வேண்டும். அதில் ஐந்துதான் கட்டாயம்: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் அல்லது ஆளுநர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம். மீதி ஆறை அரசு அறிவித்த பொது விடுமுறைகளிலிருந்து முதலாளி தேர்ந்தெடுத்து, வருடம் பிறக்கும் முன் அறிவிப்பு ஒட்ட வேண்டும். தீபாவளி அந்த ஐந்தில் இல்லை என்று சொன்னால் நம் ஆட்களில் பலர் நம்பமாட்டார்கள். நடைமுறையில் எல்லாரும் கொடுக்கிறார்கள், அது வேறு. பினாங்கில் மாநில விடுமுறையான தைப்பூசம்தான் அந்த ஆறில் சில இடங்களில் விட்டுப்போகும்.

விட்டுப்போகாத இடத்திலும் இரவு ஷிப்டுக்காரர்களுக்குச் சிக்கல் உண்டு. வெள்ளி ரதம் லிட்டில் இந்தியாவில் கோயில் வீட்டிலிருந்து புறப்படுவது தைப்பூசத்துக்கு முந்திய நாள் விடியலில், தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் போய்ச் சேர இரவாகிவிடும். காவடி எடுக்கிறவன் அதற்கு எத்தனை நாள் முன்பிருந்தே விரதம். அவனுக்குத் தேவை ஒரு நாள் இல்லை, மூன்று நாள். ஒரே லைனில் மூன்று தமிழ் டெக்னீசியன்கள் இருந்தால் மேற்பார்வையாளர் ஒருவனுக்குத்தான் லீவு கொடுப்பார், அவர் நிலையில் நானும் அதைத்தான் செய்வேன். ஆகவே ஜனவரியில் லீவு ஃபாரம் வரும்வரை காத்திருக்காதீர்கள். நவம்பரிலேயே யார் யாருக்கு எந்த நாள் விட்டுக்கொடுக்க முடியாதது என்று எல்லா இனத்தாரிடமும் கேட்டு, ஷிப்டு அட்டவணையை அதை வைத்துப் போடுங்கள். சீனப் பெருநாளுக்கு நம் பையன்கள் நிற்பார்கள், தைப்பூசத்துக்கு அவர்கள் நிற்பார்கள். இதை எழுதி ஒட்டினால் ஒழுங்காக நடக்கும். வாய்ப்பேச்சில் விட்டால் மேற்பார்வையாளருக்குப் பிடித்தவனுக்கு மட்டும் நடக்கும். தைப்பூசத்தன்று கம்பெனி பெயரில் தண்ணீர்ப் பந்தல் போட்டு, அதில் மோர் ஊற்ற ஆள் தேடிக்கொண்டிருந்த ஒரு வருடம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஊற்ற வேண்டியவர்கள் லைனில் இருந்தார்கள்.

சாப்பாட்டை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹலால் விஷயத்தில் யாரும் தப்பு செய்வதில்லை, சைவத்தில் எல்லாரும் செய்கிறார்கள். ஃபாரத்தில் ‘சைவம்’ என்று டிக் போட்டவருக்கு முட்டை போட்ட மீஹூன் வரும். புரட்டாசியில் ஆண்டு விருந்து வைக்காதீர்கள். மாட்டிறைச்சி இந்துக்கள் மட்டுமில்லை, சீனர்களிலும் பலர் சாப்பிட மாட்டார்கள்.

இப்போது கொஞ்சம் நெருக்கமான ஒன்று. நான் இருந்த இடத்தில் தூசி சேராமல் பார்த்துக்கொள்ளும் கிளீன் ரூம் உண்டு. ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானோ அதற்கு மேலோ உள்ள துகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்ற வகை. அங்கே திருநீறு கூடாது, அது பொடி, உதிரும். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை காலை, உடை மாற்றும் அறை வாசலில் நின்ற லீடர் புதிதாகச் சேர்ந்த பெண்ணைப் பார்த்து எல்லார் முன்னாலும் “கோயில் தூசியைத் துடைத்துவிட்டு வா” என்றார். அவள் துடைத்தாள், சட்டைக் கையால். பக்கத்திலேயே முகத்துக்குப் பவுடர் போட்ட மூன்று பெண்கள் உள்ளே போனார்கள். அந்தப் பவுடரும் துகள்தான், அதை யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதம் அவள் வரவில்லை.

அதன்பின் அந்த அறை வாசலில் இருந்த அறிவிப்பை மாற்றி எழுதினோம். முகப்பவுடர், லிப்ஸ்டிக், திருநீறு, குங்குமம், சந்தனம் எல்லாம் ஒரே வரியில், ஏன் என்பதற்கு இரண்டு வரி, மலாய், ஆங்கிலம், தமிழ், சீனம் நாலிலும். கீழே ஒரு கண்ணாடி, ஒரு பெட்டி ஈரத் துண்டு. தாலிச் சங்கிலியைக் கழற்ற வேண்டுமா என்ற கேள்விக்குத் தரக் கட்டுப்பாட்டு இன்ஜினியரை உட்கார வைத்துப் பதில் வாங்கினோம். எங்கள் பகுதியில் ஸ்மாக்குக்குள் (மேலே போடும் கிளீன் ரூம் உடை) மூடியிருந்தால் போதும் என்றார். உங்கள் இடத்தில் அது வேறாக இருக்கலாம், கேட்காமல் ‘கூடாது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். விதி எல்லாருக்கும் ஒரே மாதிரி, காரணத்தோடு, தனியாக அழைத்துச் சொல்லப்பட்டால் எந்த ஆளும் கோபித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

சரி, பயிற்சி. அமெரிக்காவில் ஃபிராங்க் டாபின், அலெக்ஸாண்ட்ரா காலெவ் ஆகிய சமூகவியலாளர்கள் 700-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் முப்பது வருடத் தகவல்களை வைத்துப் பார்த்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், பாகுபாட்டு உணர்வைக் குறைக்கும் பயிற்சி வகுப்புகளால் நிர்வாகப் பதவிகளுக்கு வருகிறவர்களின் கலவை அதிகம் மாறவில்லை. அந்தக் கலவையை மாற்றும் பொறுப்பை யாராவது ஒருவருக்குக் கொடுத்து, பலன் என்ன என்று கேட்ட இடங்களில் மாறியது. அது அவர்கள் நாட்டு நிலவரம், கறுப்பர், வெள்ளையர், பெண்கள் பற்றியது. நம் ஊரில் அப்படியே பொருந்தும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். என் அனுபவம் அதோடு ஒத்துப்போகிறது என்று மட்டும் சொல்லலாம். அரை நாள் ஹோட்டலில் உட்கார்ந்து, பலூன் ஊதி விளையாடிவிட்டு வந்த லீடர்கள் மறுநாள் அதே ஓவன் பக்கத்தில் நின்று அதேபோலத்தான் பேசினார்கள். அந்தப் பணத்தில் லைன் லீடர்களுக்கு ஷிப்டு ஒப்படைப்பது எப்படி, வேலை சரியில்லை என்பதை எப்படிச் சொல்வது என்று கற்றுக்கொடுங்கள்.

ஆள் எடுப்பதில் உங்கள் கைக்குள் இருப்பது அதிகம். லீ ஹ்வோக் ஆன், முஹம்மட் அப்துல் காலிட் என்ற மலேசிய ஆய்வாளர்கள் இருவரும் கோலாலம்பூர், சிலாங்கூர் பகுதி நிறுவனங்களுக்குப் பொய்யான விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். புதிதாகப் பட்டம் பெற்ற இன்ஜினியர், கணக்கர் வேலைகள். சீனப் பெயர் உள்ள நூறு விண்ணப்பத்துக்குச் சுமார் 22 அழைப்பு, மலாய்ப் பெயருக்குச் சுமார் 4. 2016-ல் வெளிவந்தது. அதில் இந்தியப் பெயர்கள் இல்லை, ஆகவே நமக்கு எவ்வளவு என்று அதை வைத்துச் சொல்லக்கூடாது. தனியார் துறையில் பெயரைப் பார்த்தே கதவு மூடுகிறது என்பதற்கு மட்டும் அது சாட்சி. விளம்பரத்தில் ‘மாண்டரின் தெரிந்திருக்க வேண்டும்’ என்ற வரி வந்தால், எந்த வாடிக்கையாளரோடு பேச என்று துறைத் தலைவரிடம் எழுதிக் கேளுங்கள். தைவான் வாடிக்கையாளர் என்றால் நியாயம். ‘டீமுக்கு வசதி’ என்றால் எடுத்துவிடுங்கள். நேர்காணலில் எல்லாரிடமும் ஒரே கேள்விகள், கேட்ட உடனே மதிப்பெண், அப்புறம்தான் கலந்து பேச்சு. ஆள் தேர்வு ஆராய்ச்சியில் பல பத்தாண்டுகளாக அசையாமல் நிற்கிற முடிவுகளில் இது ஒன்று. பெயரை மறைத்து விண்ணப்பம் பார்ப்பதைப் பற்றி எனக்கு அவ்வளவு உறுதி இல்லை, பள்ளிக்கூடத்தின் பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

சட்டம் எந்த அளவுக்குத் துணை என்றால், பாதி. 2023 ஜனவரி 1 முதல் வேலையில் பாகுபாடு என்ற புகாரைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரிக்கலாம், உத்தரவை மதிக்காத முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம். ஆனால் அது முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையிலான தகராறு பற்றியது. வேலை கேட்டு வந்து வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர் அதற்குள் வருவது கடினம். சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிற அரசியலமைப்பின் எட்டாவது பிரிவும் தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தாது என்று 2005-ல் ஒரு விமானப் பணிப்பெண் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே முதலாளியிடம் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தப் போகாதீர்கள். ஒரு டெக்னீசியன் போனால் புது ஆளைத் தேடி, பழக்கி, தனியாக விடுவதற்கு எத்தனை மாதம், எத்தனை வெள்ளி என்று அந்தத் தாளின் அடியில் கூட்டிக் காட்டுங்கள்.

கேன்டீன் மேசைகளை விட்டுவிடுங்கள். பத்து மணி நேரம் அந்நிய மொழியில் வேலை செய்தவன் அரை மணி நேரம் தன் மொழியில் பேசிக்கொண்டு சாப்பிட ஆசைப்படுவதில் என்ன குற்றம்? மேசையில் கலக்காவிட்டாலும் வேலையில் கலக்க வேண்டும், அதுவும் சமமான நிலையில். மெஷின் கோளாறு ஒன்றைச் சரிசெய்ய நாலு பேரைப் போடும்போது நாலு இனத்திலிருந்து போடுங்கள், தலைமையை மாற்றி மாற்றிக் கொடுங்கள். சமநிலை, ஒரே குறிக்கோள், மேலிடத்து ஆதரவு இருந்தால் பழக்கம் வெறுப்பைக் குறைக்கும் என்று கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-லேயே எழுதினார். அதன்பின் 500-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தும் பெரும்பாலும் அப்படித்தான் வந்தது.

இன்னொன்று. இதுவரை நம்மை ஓரங்கட்டியவர்களைப் பற்றியே எழுதியிருக்கிறேன். நம் ஆள் லீடராக வந்த லைனில் தமிழில்தான் சிரிப்பு, பக்கத்தில் நிற்கும் மலாய்ப் பெண்ணுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது. வெளிநாட்டுத் தொழிலாளர்களை, வங்காளதேசத்தவரை ‘பங்களா’, நேப்பாளத்தவரை ‘நேப்பாளி’ என்றுதான் நாம் கூப்பிடுகிறோம், பெயர் சட்டையில் எழுதியிருந்தாலும்.

உங்கள் கடிதத்தில் ‘எல்லாப் பெருநாளும்’ என்று படித்ததும் எனக்கு ஓர் அக்டோபர் காலை ஞாபகம் வந்தது. உடை மாற்றும் அறைக் கண்ணாடி முன்னால் எட்டு வருடமாக எங்களிடம் இருந்த நேப்பாள ஆப்பரேட்டர் ஒருவர் நின்றிருந்தார். நெற்றி நிறைய அரிசியும் தயிரும் குங்குமமும் குழைத்துச் சிவப்பாக அப்பியிருந்தது. ஹாஸ்டலில் வயதில் மூத்தவர் வைத்துவிட்டது. தசைன், அவர்களுடைய பெரிய பெருநாள். ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அறிவிப்பை மேலிருந்து கீழ்வரை படித்துக்கொண்டிருந்தார், நாலு மொழியில் எதிலும் இதன் பெயர் இல்லை. “மேடம், இதுவும் எடுக்கணுமா?” என்று மலாயில் கேட்டார். எடுக்கத்தான் வேண்டும் என்றேன். லீவு கேட்டிருக்கலாமே என்றேன். இப்படி ஒரு நாளுக்கு லீவு கேட்கலாம் என்று யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்றார். அடுத்த வருடம் நவம்பர் கணக்கெடுப்புத் தாளில் அவர்களையும் சேர்த்தோம். அவருக்குக் கிடைத்தது ஒரு நாள், அதுவும் வருடாந்திர விடுப்பில் கழித்து.